சூடேறாத சக்கரம்

இருபத்தொன்றாம் வளைவில் என் இடது கால் இல்லாத கிளட்சை மிதித்தது. மிதித்த பிறகுதான் காலடி விரிப்புக்குக் கீழே வெறும் தகரம்தான் இருக்கிறது என்று உறைத்தது. நான் ஓட்டுநர் இருக்கையில்கூட இல்லை. பக்கத்து இருக்கையில், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, குடையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓட்டியவள் என் தம்பி மகள். இருபத்தேழு வயதாகிறது, வீட்டில் இன்னும் பாப்பாதான்.

“பெரியப்பா, இன்னும் ரெண்டு வளைவு இப்படி மிதிச்சீங்கன்னா கீழே ஓட்டை விழுந்துடும். அப்புறம் நீங்க ரோட்டுல ஓடிக்கிட்டேதான் வரணும்.”

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற காரியத்துக்காக அன்று கிளம்பவில்லை.

எங்கள் மலைப்பாதையில் வளைவுகளைக் கீழிருந்து எண்ணுவார்கள். அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் இருபத்தொன்று. ஒவ்வொரு வளைவிலும் சுண்ணாம்பு பூசிய ஒரு கல், அதில் கறுப்பு மையில் எண். முப்பத்து நான்கு வருடம் இந்தப் பாதையில் கம்பெனி பஸ்ஸை ஏற்றி இறக்கியவன் நான். கல்லைப் பார்க்காமலே எந்த வளைவு என்று என் முதுகு சொல்லிவிடும். அன்று காலை பனி இறங்கியிருந்ததால் கற்கள் தெரியவில்லை. மரங்கள் அடியில்லாமல் நின்றன. ரோடு இருபது அடிக்கு மட்டும் இருந்தது, அதற்கப்பால் யாரோ அழித்துவிட்டது போல வெள்ளையாக இருந்தது. கார் போகப் போக ரோடு உண்டாகிக்கொண்டே வந்தது.

அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. அதை வைத்திருப்பவரின் மகனைத்தான் பாப்பா கட்டிக்கொள்ள விரும்புகிறாள். அவள் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். தினமும் இறங்கி ஏறுகிற கார், அந்த ஷெட்டில்தான் பராமரிப்பு. அப்படிப் பழக்கம். பெரியவர்கள் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு நான்தான் பெரியவன். முடியாது என்று சொல்வதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அதைப் போனில் சொல்வதோ, ஆள் விட்டுச் சொல்வதோ எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை. நேரில் போய், நின்றபடி, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். வாக்கியம் தயாராக இருந்தது. “என் தம்பியை எங்களிடமிருந்து எடுத்த கைக்கு என் தம்பி மகளைக் கொடுக்க முடியாது.” இரண்டு நாளாக அதைச் செதுக்கியிருந்தேன்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், ஒன்பதாம் வளைவில், என் தம்பி ஓட்டிவந்த பஸ் திரும்பாமல் நேரே போய்ப் பாறையில் மோதியது. பயணிகள் இல்லாத வண்டி. கழுவுவதற்காகக் காலையில் கீழே கொண்டுபோன வண்டி. அவன் மட்டும் போனான். பிரேக்கைச் சரியாக வைக்காத மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. அந்த மெக்கானிக்குக்குக் கம்பெனியில் வேலை போயிற்று. அடிவாரத்தில் நான்கு தகரத்தை நிறுத்தி ஷெட் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன்.

புறப்படும்போது தம்பி மனைவி வாசலில் நின்றாள். தம்பி போனதற்காகக் கம்பெனி கொடுத்த அலுவலக வேலையைப் போன வருடம்தான் முடித்து ஓய்வு பெற்றவள். எந்தக் காரியத்திலும் என் பேச்சைத் தாண்டாதவள். அன்றும் தாண்டவில்லை. “நீங்க சொல்றதுதான் மாமா. ஆனா ஒண்ணு. திரும்பி வரும்போது அவ அழுதுக்கிட்டே ஓட்டக்கூடாது. மலை ரோடு” என்று மட்டும் சொன்னாள்.

பத்தொன்பதாம் வளைவைத் தாண்டியபோது பாப்பாவின் வலது காலைக் கவனித்தேன். அது எதன் மீதும் இல்லை. பிரேக்குக்குப் பக்கத்தில், தரையில், செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா வைத்திருந்தாள். இறக்கமோ செங்குத்து. கார் பாய வேண்டும். ஆனால் பாயவில்லை. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்துவருவது போல நிதானமாக இறங்கியது. கியர் லீவர் வைத்த இடத்திலேயே இருந்தது, ஒருமுறைகூட அவள் கை அதன் பக்கம் போகவில்லை.

“யார் பிடிச்சிருக்கா இதை?” என்று கேட்டேன்.

“எதைப் பெரியப்பா?”

“வண்டியை. நீ பிரேக்ல காலே வைக்கலையே.”

“இன்ஜின்தான் பிடிச்சிருக்கு. உங்களுக்குத் தெரியாததா?”

“நீ கியர் மாத்தினதை நான் பார்க்கலை.”

“அதுவே மாத்திக்கிச்சு, ஆட்டோமேட்டிக் வண்டிதானே. இங்க பாருங்க.” ஸ்டியரிங்குக்கு மேலே சின்னதாக ஒளிர்ந்த எண்ணைக் காட்டினாள். மூன்று. “மேலே கிளம்பும்போது நாலுல இருந்துச்சு. சரிவுன்னு அதுக்கே தெரியும். நான் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு பிரேக்கை ஒரு தொடு தொட்டேன். ‘ஓ, இவளுக்கு வேகம் வேண்டாம் போல’ன்னு ஒரு கியர் கீழே போயிடும். இன்னும் சரிவா இருந்தா இன்னொண்ணு. அது போகலைன்னா இந்தக் கழித்தல் குறி போட்ட பட்டனை நானே ஒரு தட்டு தட்டுவேன்.”

“அப்போ இது உன் பேச்சைக் கேக்குதா, நீ இது பேச்சைக் கேக்கறியா?”

“கல்யாணம் ஆனவங்க மாதிரிதான் பெரியப்பா. கொஞ்சம் அது, கொஞ்சம் நான்” என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தை காருக்குள் நின்றுவிட்டதை உணர்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எண் இரண்டாக மாறியது. இன்ஜினின் குரல் ஒரு படி உயர்ந்தது. அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. இறக்கத்தில் வண்டியைப் பிடிப்பது பிரேக் அல்ல. ஏற்றத்தில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றும், இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டும். சின்ன கியரில் போட்டால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இன்ஜின் பல சுற்று சுற்றியாக வேண்டும். அது லேசில் சுற்றாது, முனகும், முரண்டு பிடிக்கும். அந்த முரண்டில்தான் வண்டி அடங்கி நடக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரம் கொதிக்கும். கொதித்த பிரேக் ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காது. கால் அடிவரைக்கும் போகும், வண்டி நிற்காது.

அடிவாரத்து டிப்போவில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வண்டி வந்து நின்றதும், அதற்கு முன் இறங்கிய ஓட்டுநர் எழுந்து வந்து அதன் முன்சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூடு தெரியாது என்பதால் புறங்கை. வைத்துவிட்டு, “எந்த கியர்?” என்று கேட்பார். இறக்கியவன் மறைக்காமல் சொல்ல வேண்டும். சக்கரம் குளிர்ந்திருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். சூடாக இருந்தால் தொலைந்தது. “வண்டியை எடுத்துடாதப்பா, வீட்டுக்குப் போய் ஒரு சட்டை கொண்டாறேன், இஸ்திரி போட்டுக்கலாம்” என்று ஆரம்பித்து அந்த வாரம் முழுக்க ஓட்டுவார்கள். எங்கள் அப்பா இதே பாதையில் லாரி ஓட்டியவர். அவர் சக்கரத்தில் யார் புறங்கையும் சுட்டதில்லை. என் சக்கரத்திலும் இல்லை. எனக்குப் பெண் கொடுக்க வந்த என் மாமனார் சம்பளம் என்னவென்று கேட்கவில்லை. டிப்போவில் ஒரு மணி நேரம் காத்திருந்து, நான் வண்டியை இறக்கி நிறுத்தியதும், சக்கரத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஊருக்குப் போய்த் தேதி குறித்தார். எங்கள் குடும்பத்தின் மானம் இருந்த இடம் அது. சக்கரத்தின் நடுவில், ஒரு கை அகலத்தில்.

பதினாறு, பதினைந்து. பனி கண்ணாடியில் பொடியாகப் படிந்தது, வைப்பர் அதைத் தூங்கிக்கொண்டே துடைத்தது. இன்ஜினின் முனகல் ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் சொருகியது. சொருகிய கண்ணுக்குள் முன்னால் ஒரு பஸ் போனது. அதன் பின்விளக்குகள் எரியாமல் இரண்டு காய்ந்த பழங்கள் மாதிரி தொங்கின. அதன் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, உள்ளே பனி பயணிகளைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஓட்டுகிறவனின் முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முழங்கையை எனக்குத் தெரியும்.

என் தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பத்தாம் வளைவுக்கும் ஒன்பதாம் வளைவுக்கும் நடுவே நீளமான நேர்ப் பாதை ஒன்று உண்டு. இருபுறமும் உயர்ந்த மரங்கள், கோயில் மண்டபத்துக்குள் போவது மாதிரி இருக்கும். வண்டியில் ஆள் இல்லாத நாட்களில் அவன் அந்த இடத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டுவிடுவான். டீசலை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. சத்தம் அடங்குவதற்காக. முனகல் நின்றுபோகும், காற்று மட்டும் கேட்கும், இலைகள் கேட்கும். ஒரே ஒரு முறை என்னைக் கூட உட்கார வைத்துச் செய்து காட்டினான். “கேளுண்ணா. இவ்ளோ பெரிய பஸ்ஸு, ஒரு இலை மாதிரி போகுது பாரு” என்றான். நான் அவனைக் கண்டபடி திட்டினேன். கம்பெனியில் சொல்லி வேலையை எடுத்துவிடுவேன் என்றேன். சொல்லவில்லை. என் தம்பி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த அரை நிமிடம் எனக்கும் பிடித்திருந்தது. முப்பத்து நான்கு வருட ஓட்டத்தில் நான் அந்தப் பாதையில் இலைச் சத்தத்தைக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

அவன் போன காலையில் இரண்டாவது வண்டி என்னுடையது. பத்து நிமிடம் பின்னால் வந்தேன். பாறையில் மூக்கை வைத்துக்கொண்டு பஸ் நின்றிருந்தது. முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. பக்கவாட்டு ஜன்னலில் ஏறிப் பார்த்தேன். அவன் கை கியர் லீவரின் மீது இருந்தது. லீவர் நடுவில், பிடிப்பில்லாமல் தொங்கியது. திரும்ப கியருக்குள் போடப் பார்த்திருக்கிறான். அந்த வேகத்துக்கு வந்த பிறகு போடமுடியாது, பற்கள் அலறுமே தவிர உள்ளே விடாது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். இன்னும் சூடு இருந்தது. பிறகு ஜன்னல் வழியாகவே குனிந்து, அந்த லீவரைப் பிடித்து இரண்டாவது கியருக்குத் தள்ளினேன். சுற்றாத பற்கள், ஒரு சத்தமும் இல்லாமல் இடம் விட்டன. அழுவதற்கு முன்னால் நான் செய்தது அது.

நியூட்ரலில் இறங்கிச் செத்தான் என்ற பேர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

“பெரியப்பா, தூங்கறீங்களா?”

“இல்லை.”

“பன்னிரண்டு வந்துடுச்சு.”

“தெரியும்.”

அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். “அப்பா வண்டி எந்த கியர்ல இருந்துச்சு பெரியப்பா?”

இந்தக் கேள்விக்கு நான் விசாரணையில் பதில் சொல்லியிருக்கிறேன், டிப்போவில் சொல்லியிருக்கிறேன், துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன். வாய் தானாகச் சொன்னது. “ரெண்டாவது.”

“அம்மா பெட்டியில இருக்கிற ரிப்போர்ட்லயும் அப்படித்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“ஒண்ணுமில்ல.”

பதினொன்றாம் வளைவைத் திருப்பினாள். ஸ்டியரிங்குக்கு மேலே இரண்டு என்ற எண் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு கால்களையும் பின்னால் இழுத்து இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டாள். எந்தப் பெடலும் தொடப்படாமல் கார் போனது. வேகமானியின் முள் இருபத்தைந்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நல்ல சரிவு. முள் இருபத்தாறுக்குக்கூடப் போகவில்லை. அந்த முள்ளை நான் பார்க்கட்டும் என்று விட்டாள்.

“நான் தினமும் இப்படித்தான் இறங்கறேன் பெரியப்பா” என்றாள், மெதுவாக. “ரெண்டுல இருந்தா பிரேக்கே இல்லைன்னாலும் இவ்ளோதான் போகும். பஸ் இதைவிடக் கனம், கொஞ்சம் கூடப் போகலாம். ஆனா ரிப்போர்ட்ல போட்டிருக்கிற அந்த வேகம் வராது.”

எனக்கு அந்த வாக்கியம் புதிதல்ல. இதே சொற்கள். அவன் போன பதினைந்தாம் நாள் மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது அவர் இளம் ஆள், எண்ணெய் போகாத நகங்கள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, “அண்ணே, இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்தேன். ரெண்டாவது கியர்ல அந்த வேகம் வராதுண்ணே” என்றார். நான், “வந்திருக்கே” என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார். என் தோளில் ஒரு வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, வாய் திறந்து, என் சட்டையில் எச்சில் ஒழுக. அவர் அந்தக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “சரிண்ணே” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதற்குப் பிறகு விசாரணையிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. இருபத்தாறு வருடம் அந்த வசதியில் இருந்தேன்.

“அவங்க வீட்டுல சொன்னாங்களா?” முள்ளிலிருந்து கண்ணை எடுத்துக் கேட்டேன்.

“யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் கேட்டும் சொன்னதில்ல. பழைய வண்டிம்மா, விடுன்னுடுவார் மாமா.”

அவரை அவள் மாமா என்கிறாள். நான் குடையை இன்னும் நேராக ஊன்றிக்கொண்டேன்.

பத்தாம் வளைவு கடந்தது. நேர்ப் பாதை தொடங்கியது. மரங்கள் இருபுறமும் எழும்பி மேலே பனிக்குள் காணாமல் போயின. இன்ஜின் மட்டும் தன் முனகலை விடாமல் முனகிக்கொண்டு வந்தது. நீளமான பாதை. எனக்கு முன்னால் எப்போதும் பத்து நிமிட தூரத்தில் ஒரு பஸ் போய்க்கொண்டே இருக்கிறது, எவ்வளவு நிதானமாக இறங்கினாலும் அதன் பின்னால்தான் போய்ச் சேருவேன் என்று தோன்றியது. காதை ஜன்னலோடு வைத்தேன். இலைச் சத்தம் கேட்கவில்லை. பிடித்து வைத்திருக்கும் வண்டிக்குள் இருந்தால் அது கேட்காது.

ஒன்பதாம் வளைவில் ரோடு அகலமாக இருக்கும். அவள் காரை ஓரம் நிறுத்தி, லீவரை முன்னால் தள்ளிப் பூட்டினாள். “ஒரு நிமிஷம் பெரியப்பா. தினமும் நிப்பேன்” என்று இறங்கிப் போனாள். பாறை இருக்கும் பக்கம் நடந்தாள். பனி அவளை முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை எடுத்துக்கொண்டது. கையைப் பாறையில் வைத்துக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியவில்லை.

காருக்குள் நானும் அந்த லீவரும் இருந்தோம். தோல் சுற்றிய சின்னக் குமிழ். அவள் கைச்சூடு அதில் இன்னும் இருந்தது. என் கை ஏன் அங்கே போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அழுத்தி இழுத்தேன். பக்கவாட்டில் அசைத்தேன். எழுபத்து மூன்று வயதில், வெள்ளைச் சட்டை கசங்க, மூச்சு வாங்க, ஒரு சின்னப் பெண்ணின் காரில் கியரை மாற்றப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கல் மாதிரி நின்றது. நிமிர்ந்தபோது அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். முடியில் பனித்துளிகள். என் கையைப் பார்த்தாள். நான் அதை இன்னும் எடுத்திருக்கவில்லை.

“பிரேக்கை மிதிக்காம அது வராது பெரியப்பா” என்றாள். குரலில் குத்தல் இல்லை. “வெளியிலிருந்து யார் இழுத்தாலும் வராது. ஓட்டுறவங்க கால் வைக்கணும்.”

என் கையை எடுத்து என் முழங்கால் மீது வைத்தாள், நான் ஒரு காலத்தில் ஒரு கையை எடுத்த மாதிரியே, விரல் விரலாக. பிறகு காலை பிரேக்கில் வைத்து, லீவரை இழுத்தாள். அது உடனே வந்தது.

எட்டு, ஏழு, ஆறு. நான் என் வாக்கியத்தை மனதுக்குள் எடுத்துப் பார்த்தேன். என் தம்பியை எங்களிடமிருந்து எடுத்த கை. சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கை ஒரு ஜன்னல் வழியாக உள்ளே போய் ஒரு லீவரைத் தள்ளியது. நான்காம் வளைவில் பனி விலகியது. கீழே கூரைகள், ரோடு, ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி எல்லாம் கழுவி வைத்தது போலத் தெரிந்தன. எண் மறுபடி மூன்றானது, இன்ஜின் குரல் தணிந்தது. இத்தனை தூரம் பிடித்து வந்ததற்கு அது ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.

ஷெட்டின் முன்னால் பழைய டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பையன் எங்களைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான், பாதியில் நின்றான். நின்ற இடத்திலிருந்து என்னை வணங்கினான். அவன் பின்னாலிருந்து மெக்கானிக் வந்தார். முழங்கால்கள் போய்விட்டன, பக்கவாட்டில் ஆடி ஆடி நடந்தார். என்னிடம் வரவில்லை. நேராகக் காரின் முன்சக்கரத்துக்கு வந்து, ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்து, புறங்கையை நடுவில் வைத்தார்.

“சில்லுனு இருக்கு” என்றார். அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். “எந்த கியர்ம்மா?”

“பாதி மூணு, பாதி ரெண்டு மாமா.”

“ம்” என்று தலையை ஆட்டினார். இது அவர்களுக்குள் தினமும் நடக்கிற விளையாட்டு என்று புரிந்தது. எங்கள் டிப்போவின் வழக்கத்தை, எங்கள் டிப்போ வெளியே அனுப்பிய மனிதர், என் தம்பி மகளோடு வைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார். “வாங்கண்ணே. உள்ள வந்து உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. நின்றபடி சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். பாப்பா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் துணியை இன்னும் கையில் முறுக்கிக்கொண்டிருந்தான். டிப்போவில் என் முதுகுக்குப் பின்னால் என்னை இரும்புக் கம்பி என்பார்கள், அது எனக்குத் தெரியும், எனக்கு அதில் வருத்தமும் இல்லை. குடையைக் காரில் சாய்த்து வைத்தேன். குனிந்தேன். இடுப்பு வலித்தது. அவர் கை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் என் புறங்கையை வைத்தேன். உண்மைதான். மலையின் ஈரம் அப்படியே இருந்தது.

“என்கிட்டயும் கேளு” என்றேன்.

“என்னண்ணே?”

“எந்த கியர்னு கேளு.”

அவர் தன் மகனைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். “வேண்டாம்ணே” என்றார், தாழ்ந்த குரலில். “பழைய வண்டி. அதை எதுக்கு இப்போ.”

“கேளுடா.”

அவர் கையைச் சக்கரத்திலிருந்து எடுக்கவில்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். தொலைவில், மேலே எங்கேயோ, ஒரு பஸ் சின்ன கியரில் முனகிக்கொண்டே வளைவு வளைவாக இறங்கும் சத்தம் கேட்டது.

“எந்த கியர்?”

“நியூட்ரல்.”

சக்கரத்தின் நடுவில், ஒரு கை அகலத்தில், எங்கள் இரண்டு கைகள் பக்கம் பக்கமாக இருந்தன. அவருடைய நகங்களில் இன்னும் எண்ணெய். கீழே பார்த்தேன். என் இடது கால் ஈர மண்ணை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.